உங்களுக்குத் தெரியுமா? ஒரு காட்டில் எத்தனை இனங்கள்?

● மலாயாவில் வேலை பார்த்த ஆங்கிலேய வேதியியலாளர் ஸ்டீவன் கார்பெட்டுக்குப் பட்டாம்பூச்சி என்றால் உயிர். அங்கே சேகரித்ததை இனவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது மொத்தம் 620 இனங்கள் வந்தன. அவற்றில் 118 இனங்கள் ஒரே ஒருமுறைதான் வலையில் சிக்கியிருந்தன. இரண்டு முறை சிக்கியவை 74, மூன்று முறை 44, நான்கு முறை 24. இதே அளவு உழைப்பை இன்னொரு தடவை போட்டால், இதுவரை கண்ணில் படாத எத்தனை இனங்கள் புதிதாகக் கிடைக்கும்? புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர் இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். 1943இல் ஃபிஷர், கார்பெட், அந்துப்பூச்சி ஆய்வாளர் சி. பி. வில்லியம்ஸ் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில்தான் இன எண்ணிக்கையை அளக்கும் இன்றைய அறிவியல் கால் ஊன்றியது.

விடைக்கு ஓர் எளிய வழியை 1956இல் குட், டூல்மின் என்ற இருவர் சொன்னார்கள். ஒருமுறை சிக்கியவற்றைக் கூட்டு, இருமுறை சிக்கியவற்றைக் கழி, மும்முறையைக் கூட்டு, நான்முறையைக் கழி என்று மாறி மாறிப் போ. 118 − 74 + 44 − 24 என்று கார்பெட்டின் பட்டியலை 24 முறை சிக்கியவை வரைக்கும் கொண்டுபோனால் கடைசியில் நிற்பது 75. அதாவது, ஏறத்தாழ 75 புதிய இனங்கள் கிடைக்கும். பார்க்காததைப் பற்றி, பார்த்தவற்றின் கணக்கிலிருந்தே சொல்ல முடிகிறது என்பதை முதல்முறை படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

● அதே குட், இரண்டாம் உலகப் போரின்போது ஆலன் டியூரிங்கோடு பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானிய ரகசியக் குறியீடுகளை உடைத்தவர். அந்த வேலைக்காக டியூரிங் கண்டுபிடித்த ஒரு சூத்திரத்தை 1953இல் குட் விரித்து எழுதினார். இன்று அது காட்டு ஆய்வாளர்களின் கையில் இருக்கிறது. நீங்கள் ஒரு காட்டில் 1,000 மரங்களைப் பதிவு செய்துவிட்டீர்கள், அவற்றில் 30 இனங்கள் தலா ஒரே ஒரு மரமாக மட்டுமே வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து நீங்கள் காணப்போகும் மரம் பட்டியலில் இல்லாத இனமாக இருக்க ஆயிரத்துக்கு முப்பது வாய்ப்பு உண்டு. ஒற்றையாக வந்தவை குறையக் குறையக் கணக்கெடுப்பு முழுமையை நெருங்குகிறது.

● தைவானின் புள்ளியியலாளர் ஆன் சாவ் 1984இல் தந்த சூத்திரம் இன்னும் சுருக்கமானது. ஒருமுறை வந்த இனங்களின் எண்ணிக்கையை அதனாலேயே பெருக்கி, இருமுறை வந்தவற்றின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். கார்பெட்டின் பட்டியலுக்குப் போட்டால் 118 × 118 ÷ 148, அதாவது 94. பார்த்தவை 620, பார்க்காமல் விட்டவை குறைந்தது 94. இந்தக் ‘குறைந்தது’ முக்கியம். சாவின் கணக்கு அடித்தளத்தை மட்டும் சொல்கிறது, உச்சவரம்பைச் சொல்வதில்லை.

● ஷேக்ஸ்பியருக்கு எத்தனை சொற்கள் தெரிந்திருக்கும் என்பதையும் கார்பெட்டின் பட்டாம்பூச்சிக் கணக்குக்கான அதே வழியில் 1976இல் ஆராய்ந்தார்கள், எஃப்ரானும் திஸ்டெடும். அவருடைய எழுத்துகளில் ஒரே ஒருமுறை மட்டும் வரும் சொற்கள் 14,376. எழுதாமல் விட்டவை குறைந்தது 35,000 இருக்கும் என்பது அவர்கள் கண்ட விடை.

● மூன்றடிக்கு நான்கடி புல்தரை ஒன்றில் இருபது வகைச் செடிகளை எண்ணியவர் சார்லஸ் டார்வின். ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் அந்தக் கணக்கு இருக்கிறது. இருபதும் பதினெட்டுப் பேரினங்களைச் சேர்ந்தவை என்பதையும் அவர் விடாமல் குறித்திருக்கிறார். நெருங்கிய உறவுள்ள செடிகள் ஒரே இடத்தில் ஒன்றையொன்று நெருக்கும், தூரத்து உறவுகள் இடம் பகிர்ந்து வாழும் என்று அவர் கருதியதற்கு அந்தச் சிறு துண்டு நிலம் சான்றாயிற்று.

● சதுரமாக நிலத்தை அளந்து, கயிறு கட்டி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு செடியையும் எண்ணும் முறை 1898இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா புல்வெளிகளில் வழக்கத்துக்கு வந்தது. கொண்டுவந்தவர்கள் ராஸ்கோ பவுண்டும் ஃப்ரெடெரிக் கிளெமென்ட்ஸும். கண் மதிப்பில் ‘இது அதிகம், அது குறைவு’ என்று எழுதியவை எண்ணிப் பார்த்தபோது தவறாக இருந்தன. பவுண்ட் பிறகு தாவரவியலை விட்டுவிட்டுச் சட்டத்திலேயே நின்றார், ஹார்வர்ட் சட்டப் பள்ளியின் தலைவரானார்.

● ஒரு சதுர மீட்டரில் அதிகபட்சம் எத்தனை செடி இனங்கள் இருக்க முடியும்? இதுவரை பதிவான உச்சம் 89, அர்ஜென்டினாவின் மலைப் புல்வெளி ஒன்றில். ஒரு ஹெக்டேருக்கு உச்சம் 942, ஈக்வடோரின் மழைக்காட்டில். சிறிய சதுரத்தில் புல்வெளி வெல்கிறது, பெரிய சதுரத்தில் மழைக்காடு வெல்கிறது. எத்தனை பெரிய இடத்தில் எண்ணியது என்று சொல்லாமல் ‘இங்கே இத்தனை இனங்கள்’ என்று எழுதும் செய்தியில் பொருளே இல்லை.

● பரப்பு பெருகினால் இனங்களும் பெருகும், ஆனால் அதே வேகத்தில் பெருகாது. 1921இல் இதற்குச் சூத்திரம் எழுதியவர் ஸ்வீடனின் ஓலோஃப் அரீனியஸ், நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் ஸ்வாந்தே அரீனியஸின் மகன். தீவுகளில் பரப்பு பத்து மடங்கானால் இனங்கள் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். இதைத் திருப்பிப் பாருங்கள்: காட்டில் பத்தில் ஒன்பது பங்கை அழித்தாலும் பாதி இனங்கள் எஞ்சும் என்று அந்தச் சூத்திரம் சொல்லும். அழிப்பவர்களுக்கு இது ஆறுதலாகத் தோன்றலாம். ஆனால் மீதி நிற்கும் பாதியும் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கியடித்து, சிறு சிறு கூட்டங்களாக நிற்கும். ஒரு வறட்சியோ ஒரு நோயோ அவற்றைத் துடைத்துப் போக அதிக நாள் ஆகாது.

● இரண்டு ஏரிகள். இரண்டிலும் நூறு பறவைகள், இரண்டிலும் ஐந்து இனங்கள்: நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், சின்னக் கொக்கு, தாழைக்கோழி. முதல் ஏரியில் ஒவ்வொன்றும் இருபது. இரண்டாவதில் நாமக்கோழி 96, மற்ற நான்கும் ஒவ்வொன்று. பட்டியலை மட்டும் பார்த்தால் இரண்டும் சமம். கரையில் நின்று பார்ப்பவருக்குச் சமமா?

சமமில்லை என்பதை எண்ணாக்கியவர் எட்வர்ட் சிம்ப்சன். அவரும் பிளெட்ச்லி பார்க்கில் பணியாற்றியவர். 1949இல் ‘நேச்சர்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை ஒரே பக்கம். கூட்டத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இரண்டு உயிர்களை எடுத்தால், இரண்டும் ஒரே இனமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? இதுதான் அவர் கேட்டது. முதல் ஏரியில் அது நூற்றுக்கு ஏறத்தாழ 20, இரண்டாவதில் 92. அதற்கு ஓராண்டு முன்பு தொலைபேசித் தகவல்களுக்காக கிளாட் ஷானன் வகுத்த சூத்திரத்தையும் சூழலியலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களை அதைக்கொண்டு அளந்து, அந்த வழியைப் பரப்பியவர் ஸ்பெயினின் ரமோன் மார்கலெஃப்.

இந்தக் குறியீட்டு எண்களில் ஒரு சிக்கல் உண்டு, அதை இன்னும் பல ஆய்வறிக்கைகள் கவனிப்பதில்லை. சம அளவில் வாழும் மூன்று கோடி இனங்கள் இருக்கும் ஒரு கண்டத்தில் பாதி இனங்கள் ஒரே நாளில் அழிந்துவிட்டன என்று கொள்வோம். ஷானன் எண் 17.2இலிருந்து 16.5க்கு இறங்கும். நான்கு சதவீத வீழ்ச்சி! ஒன்றரைக் கோடி இனங்கள் போனதை ‘சிறிய மாற்றம்’ என்று வாசிக்க வைத்துவிடும் எண் அது. ஈக்வடோரில் வாழ்ந்து ஆர்கிட் செடிகளைத் தேடும் லூ ஜோஸ்ட் 2006இலிருந்து விடாமல் எழுதிவருவது இதைப் பற்றித்தான். மார்க் ஹில் 1973இலேயே மாற்று வழியைச் சொல்லியிருந்தார்: குறியீட்டு எண்ணைச் ‘சம அளவில் வாழும் எத்தனை இனங்களுக்கு இது ஈடு’ என்று மாற்றிச் சொல்ல வேண்டும். நம் முதல் ஏரிக்கு எப்படிக் கணக்கிட்டாலும் விடை 5. இரண்டாவது ஏரிக்கு வெறும் பட்டியல் 5 என்கிறது, ஷானன் வழி 1.25, சிம்ப்சன் வழி 1.08. கரையில் நின்று பார்ப்பவரின் கண்ணும் ‘இது நாமக்கோழி ஏரி’ என்றுதான் சொல்லும்.

● லண்டனுக்கு வடக்கே ராதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் வில்லியம்ஸ் விளக்குப்பொறி வைத்து நான்கு ஆண்டுகளில் பிடித்த அந்துப்பூச்சிகள் 15,609. அவை 240 இனங்களைச் சேர்ந்தவை. சில இனங்கள் கூட்டம் கூட்டமாக வந்தன, பெரும்பாலானவை அரிதாக வந்தன. உலகில் எந்தக் காட்டில், எந்தக் கடலில் எண்ணினாலும் இதே வடிவம்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

● அந்த வடிவத்துக்கு 1948இல் ஒரு புதிய விளக்கம் கொடுத்த ஃப்ராங்க் பிரெஸ்டனுக்குத் தொழில் கண்ணாடிப் பொறியியல். அமெரிக்காவில் கண்ணாடி ஆய்வுக்கூடம் நடத்தியவர் அவர். பறவைகளையும் பூச்சிகளையும் 1–2, 2–4, 4–8 என்று இரட்டித்துப் போகும் வகுப்புகளில் அடுக்கினால் மணிவடிவ வளைகோடு கிடைக்கிறது என்று கண்டார். அதன் இடது ஓரம் ஒரு திரைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. மேலும் மேலும் எண்ண எண்ணத் திரை விலகுகிறது. மிக அரிய இனங்கள் அந்தத் திரைக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

● அமேசான் படுகையில் ஏறத்தாழ 39,000 கோடி மரங்கள், 16,000 இனங்கள் என்று 2013இல் ஹான்ஸ் டெர் ஸ்டீகேயும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்களும் மதிப்பிட்டார்கள். மரங்களில் பாதி வெறும் 227 இனங்களைச் சேர்ந்தவை. மறுபக்கம், ஏறத்தாழ 6,000 இனங்களுக்கு இனத்துக்கு ஆயிரம் மரம்கூட இல்லை.

● நீலகிரி அடிவாரத்து முதுமலையில் 50 ஹெக்டேர் காட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் எண் உண்டு. இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் அறிவியல் மையம் 1988இல் தொடங்கிய நிலையான ஆய்வுக்களம் அது. யானை ஆய்வாளர் ராமன் சுகுமார் தலைமையில் நிறுவப்பட்டது. மார்பளவு உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் பருமன் இருந்தால் போதும், சிறு கன்றாக இருந்தாலும் தகடு கட்டி எண் கொடுத்துவிடுவார்கள். தொடக்கத்தில் சுமார் 26,000 மரங்கள், 70 இனங்களை ஒட்டி. ஆண்டுதோறும் யார் இறந்தார், யார் புதிதாக வந்தார் என்று பார்க்கிறார்கள். கைடியா என்ற சிறுமரம் தொடக்கக் கணக்கில் முதலிடத்தில் இருந்தது. யானைகளுக்கு அது விருப்பமான தீனி, அடுத்தடுத்த ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்துவிட்டது. இனங்களின் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இந்த மாற்றம் தெரியாமலே போயிருக்கும்.

இதே முறையில், இதே 50 ஹெக்டேர் அளவில் மலேசியாவின் பாசோ காட்டை எண்ணினார்கள்: 814 இனங்கள். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் ஏறத்தாழ 300. இலங்கையின் சிங்கராஜாவில் பாதிப் பரப்பில், 25 ஹெக்டேரில், ஏறத்தாழ 200. முதுமலையை ஏழைக்காடு என்று சொல்லிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். பாசோவில் எண்ணிய மரங்கள் மூன்று லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். மரங்கள் பதின்மூன்று மடங்கு அதிகம் என்றால் அரிய இனங்கள் கணக்கில் விழவும் அத்தனை வாய்ப்பு அதிகம்.

ஆழ்கடல் சேற்றில் வாழும் புழுக்களையும் சிப்பிகளையும் எண்ணிய ஹோவர்ட் சாண்டர்ஸ் 1968இல் இதற்கு ஒரு நேர்மையான வழி காட்டினார். பெரிய பட்டியலிலிருந்து சிறிய பட்டியலின் அளவுக்கு மட்டும் குருட்டாம்போக்கில் எடுத்து, அதில் எத்தனை இனங்கள் வருகின்றன என்று பார்க்க வேண்டும். அவருடைய கணக்கில் இருந்த பிழையை 1971இல் ஸ்டூவர்ட் ஹர்ல்பெர்ட் திருத்தினார். பாசோவிலிருந்து 26,000 மரங்களை மட்டும் இப்படி எடுத்தாலும் முதுமலையைவிடப் பல மடங்கு இனங்கள் வரும், அதில் ஐயமில்லை. ஆனால் வறட்சியும் தீயும் மாறி மாறி வரும் இலையுதிர்காட்டை ஆண்டு முழுதும் மழை பெறும் காட்டோடு வைத்து மதிப்பெண் போடுவது முதுமலைக்குச் செய்யும் அநியாயம். அங்கே வாழும் மரங்கள் தீயைத் தாங்கத் தெரிந்தவை.

● ஓர் இடத்துக்குள் இருக்கும் இனப் பன்மை ஆல்ஃபா, இடத்துக்கு இடம் இனங்கள் மாறுவது பீட்டா, வட்டாரம் முழுவதும் சேர்ந்தது காமா. 1960இல் ஆரிகன், கலிஃபோர்னியா எல்லையில் உள்ள சிஸ்கியூ மலைகளை ஆராய்ந்து ராபர்ட் விட்டேக்கர் இப்படிப் பிரித்தார். இரண்டு இடங்களுக்கு எத்தனை இனங்கள் பொது என்று அளக்கும் வழியை அதற்கு வெகுமுன்பே, 1901இல், ஆல்ப்ஸ் மலைத் தாவரங்களை வைத்து பால் ஜாக்கார்ட் தந்திருந்தார். இன்று இணையத்தில் இரண்டு ஆவணங்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணினி பார்க்கவும் அதே ஜாக்கார்ட் எண் பயன்படுகிறது.

● 2014இல் மரியா டோர்னெலஸ் குழு உலகின் பல பகுதிகளில் நீண்டகாலம் எண்ணப்பட்ட நூறு பட்டியல்களைச் சேர்த்துப் பார்த்தது. பல இடங்களில் இன எண்ணிக்கை குறையவே இல்லை! ஆனால் பட்டியலில் இருந்த பெயர்கள் மாறிப்போயிருந்தன. பழையவர் போய் வந்தேறிகள் அந்த இடத்தில் அமர்ந்தால் ஆல்ஃபா அப்படியே நிற்கும், பீட்டா சரியும். ஊருக்கு ஊர் உண்ணிச்செடியும் மைனாவும் மட்டும் பெருகினால் அப்படித்தான் ஆகும். ‘இனங்கள் குறையவில்லை’ என்று யாராவது சொன்னால், எந்த இனங்கள் என்று கேளுங்கள்.

● ஒரே ஒரு விலங்கை எடுத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறைகளிலிருந்து நட்சத்திர மீன்களைத் தொடர்ந்து அகற்றினார் ராபர்ட் பெய்ன். பதினைந்து இனங்கள் எட்டாகக் குறைந்தன. கொன்று தின்ன ஆளில்லாத கடல் மட்டிகள் பாறை முழுவதையும் ஆக்கிரமித்துக்கொண்டன.

● ராதம்ஸ்டெட்டில் 1856இல் தொடங்கிய புல்வெளிச் சோதனை இன்றும் நடக்கிறது. உரமே இடாத பாத்திகளில் நாற்பது வகைகள் வரை. அம்மோனியம் சல்பேட்டைக் கொட்டி, சுண்ணாம்பு இடாமல் விட்ட பாத்திகள் சிலவற்றில் இரண்டு, மூன்று.

● 1775 முதல் ஒரே பெயரில் அறியப்பட்டு, கோஸ்டாரிகாவிலும் வாழும் ஒரு பட்டாம்பூச்சியின் டி.என்.ஏ.வை 2004இல் பார்த்தார்கள். அது பத்து இனங்கள் என்று அறிவித்தது பால் ஹெபர்ட் குழு. வளர்ந்த பூச்சிகள் ஒன்றுபோல் இருந்தாலும் புழுக்கள் வேறு வேறு நிறத்தில், வேறு வேறு செடிகளை உண்டன.

● மேற்குத் தொடர்ச்சி மலையின் பாதாளத் தவளைக்கு மிக நெருங்கிய உறவு சீஷெல்ஸ் தீவுகளில் வாழ்கிறது. 2003இல்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமான இந்தத் தவளையின் வம்சக்கிளை பல கோடி ஆண்டுகளாகத் தனியே வளர்ந்து வருகிறது. இன எண்ணிக்கையில் அது ‘ஒன்று’. உயிர்மரத்தின் கிளைநீளத்தைக் கூட்டிப் பார்க்கும் டேனியல் ஃபெய்த்தின் 1992ஆம் ஆண்டு முறையில் அந்த ஒன்றுக்கு இருக்கும் எடை மிகப் பெரியது. 

● நார்வேக் காட்டு மண்ணின் சிறு மாதிரி ஒன்றிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, 1990இல் விக்டிஸ் டோர்ஸ்விக் குழு கண்டது ஏறத்தாழ 4,000 வெவ்வேறு பாக்டீரிய மரபுத்தொகுதிகள். தட்டில் வளர்த்துப் பார்க்கும் பழைய முறையில் மண் பாக்டீரியங்களில் நூற்றில் ஒன்றுதான் வளரும்.

● பனாமாவில் ஒரே மர இனத்தின் 19 மரங்களுக்குப் பூச்சிமருந்துப் புகை போட்டார் டெரி எர்வின். கீழே விரித்த துணிகளில் விழுந்த வண்டுகள் மட்டும் 1,200 இனங்களுக்கு மேல். அதில் 163 அந்த மரத்தை மட்டுமே நம்பியவை என்று கொண்டு, உலகின் வெப்பமண்டல மர இனங்கள் 50,000 என்று பெருக்கி, வெப்பமண்டலக் காடுகளில் மட்டும் மூன்று கோடிக் கணுக்காலி இனங்கள் இருக்கலாம் என்று 1982இல் எழுதினார். அந்த 163 என்ற அடித்தளம் பிறகு ஆட்டம் கண்டது, எண் பெரிதும் இறங்கியது. 2011இல் வந்த ஒரு மதிப்பீடு, பாக்டீரியா போன்றவை நீங்கலாக, 87 லட்சம் என்கிறது. பெயர் வைத்தவை சுமார் 12 லட்சம்தான்.

● தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கணக்கெடுப்பவர்களில் ஆசிரியர்களும் மாணவர்களும் வீட்டுப் பெரியவர்களும் உண்டு. வீட்டு வாசலோ, ஏரிக்கரையோ, பள்ளிக்கூட மைதானமோ போதும். குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் இனவாரியாக எண்ணி இபேர்டு என்ற இணையதளத்தில் ஏற்றலாம். ஏற்றும்போது, கண்டறிந்த எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா என்ற கேள்வி வரும். ‘ஆம்’ என்று சொல்லத்தக்க பட்டியலாகத் தாருங்கள். காகம்தானே, மைனாதானே என்று விட்டுவிடாதீர்கள். அவற்றின் எண்ணிக்கை இல்லாமல் மற்றவை எவ்வளவு அரியவை என்று யாராலும் கணக்கிட முடியாது. எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஒரே ஒரு பறவையாக வந்த இனத்தைக் கட்டாயம் எழுதுங்கள்.